பொறி எங்கே தொலைந்தது?
உதைத்தும் ஸ்ரார்ட் வராத பழைய ஸ்கூட்டரைப் பார்ப்பது எப்படி

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிடமும், மீளக் குடியேறிய குடும்பங்களிடமும் ஒரு பழைய ஸ்கூட்டர் கொட்டிலின் ஓரத்தில் சாக்கு மூடிக் கிடப்பதை நாம் அடிக்கடி காண்கின்றோம். அது வெஸ்பாவாகவோ லாம்பிரெட்டாவாகவோ பஜாஜாகவோ இருக்கலாம். 1990 இலும் 1995 இலும் ஊரைவிட்டு வெளியேறியபோது தள்ளிக்கொண்டு வந்தவை சில. உறவினர் வளவில் விட்டுவந்து பின்னர் தேடி எடுத்தவை சில. இன்னும் சில, தகப்பனார் ஓடியது என்பதற்காக மட்டும் வைத்திருப்பவை.

2009 இன் பின்னர் பழைய இரும்பு வாங்குவோர் கிராமம் கிராமமாக வந்தபோது இவற்றில் எத்தனையோ நிறுவைக்குப் போய்விட்டன. ஓடாத வண்டி இரும்புதானே என்பது அவர்களின் கணக்கு. ஆனால் சந்தைக்குப் போக மூன்று மைல் நடக்கும் குடும்பத்துக்கு அந்தக் கணக்குச் சரிவராது. கால் வைக்கும் தட்டில் ஒரு மூட்டை வெங்காயம், பின் இருக்கையில் ஒரு பெட்டி கத்தரிக்காய் என்று ஏற்றிப் போகக்கூடிய வண்டி அது. அதைவிட, அது ஓடாமல் கிடப்பதற்கான காரணம் பல வேளைகளில் மிகச் சிறியதாக இருக்கின்றது. ஒரு பிளக், அல்லது தேய்ந்த ஒரு வயர், அல்லது ஒரு துண்டு கடதாசியால் துடைத்தால் போகும் கறள். இவற்றைப் பார்க்காமல் வண்டியை விற்கவும் வேண்டாம், பாகங்களை வாங்கவும் வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகின்றோம்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். வண்டி இன்னும் விடுவிக்கப்படாத காணியிலோ, மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிசெய்யப்படாத காணியிலோ கிடந்தால் அதை எடுக்கப் போகவேண்டாம். ஸ்கூட்டரை நம்பி ஒரு காலை இழக்க முடியாது. அடுத்ததாக, பதிவுப் புத்தகம் கையில் இருக்கின்றதா, அதில் உள்ள எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வண்டியை ஓடவைத்த பின்னர் அதை வீதியில் இறக்க முடியாது என்று அறிவது வீண்செலவு.

வண்டியின் பிறப்பு

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான இத்தாலி நாட்டிலேதான் இந்த ஸ்கூட்டர்கள் பிறந்தன. போர்க்காலத்தில் விமானங்கள் செய்த பியாஜியோ நிறுவனம், அழிந்த தொழிற்சாலையை மீண்டும் கட்டி எழுப்பி 1946 இல் வெஸ்பாவை வெளியிட்டது. 1947 இல் மிலான் நகரில் இனொசென்ரி நிறுவனம் லாம்பிரெட்டாவை வெளியிட்டது. வீதியும் பாலமும் உடைந்து, கையில் பணமும் இல்லாதிருந்த மக்கள் வேலைக்கும் சந்தைக்கும் போகவேண்டும் என்பதற்காகவே அவற்றை அத்தனை எளிமையாகச் செய்தார்கள். இந்தியாவின் பஜாஜ் நிறுவனம் 1960களில் வெஸ்பாவை உரிமம் பெற்றுத் தயாரித்தது. உரிமம் முடிந்தபின் 1972 முதல் சேட்டக் என்ற பெயரில் அதே வகை ஸ்கூட்டரைத் தொடர்ந்து செய்தது. (2020 முதல் அதே பெயரில் விற்கப்படுவது மின்சார ஸ்கூட்டர். அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை.) பஜாஜின் பழைய ரூ ஸ்ரோக் முச்சக்கரவண்டியின் எஞ்சினும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே ஸ்கூட்டர் மெக்கானிக் இல்லாத ஊரிலும், பழைய முச்சக்கரவண்டி திருத்தியவர் ஒருவர் இருந்தால் அவருக்கு இந்த எஞ்சின் புதிதாக இராது.

உங்களுக்கும் இது முழுதும் புதிதல்ல. பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடவிடும் இறைப்பு இயந்திரத்தைத் தோட்டத்தில் வைத்திருந்தவர்கள் பிளக்கைக் கழற்றித் துடைத்திருப்பீர்கள், கயிறு சுற்றி இழுத்துக் களைத்திருப்பீர்கள். பழைய இறைப்பு இயந்திரங்களில் பொறி உண்டாகும் முறையும் பழைய ஸ்கூட்டரில் பொறி உண்டாகும் முறையும் பெரும்பாலும் ஒன்றே.

பொறி உண்டாகும் விதம்

எஞ்சினின் பக்கத்தில் விசிறித் தகடுகளோடு சுழலும் கனமான சக்கரத்தைப் பிளைவீல் என்கின்றோம். அதன் உட்புறத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளே ஒரு வட்டத் தகட்டில் கம்பிச்சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. நீங்கள் கிக்கரை உதைக்கும்போது காந்தங்கள் சுருள்களைச் சுற்றி ஓடுவதால் சுருளில் மின் பிறக்கின்றது. அதே தகட்டில் பொயின்ற் என்னும் இரு சிறு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். பிஸ்ரன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன்னர், தண்டில் உள்ள மேடு அந்த முனைகளைப் பிரித்துவிடும். ஓடிக்கொண்டிருந்த மின் திடீரென அறுபடுவதால் கொயிலில் பல ஆயிரம் வோல்ற் எழுந்து, தடித்த வயர் வழியே பிளக்குக்குப் போய், அங்குள்ள இடைவெளியைப் பொறியாகத் தாண்டுகின்றது. பொயின்ற் பிரியும்போது அந்த முனைகளிலேயே பொறி பறந்து அவை எரிந்துபோகாமல் காப்பது கொண்டன்சர் என்னும் சிறு உருளை.

இங்கே பற்றரிக்கு வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான பழைய வெஸ்பா, லாம்பிரெட்டா, பஜாஜ் வண்டிகள் பற்றரி இல்லாமலே ஸ்ரார்ட் வரும். பற்றரியிலிருந்து பொறிக்கு மின் எடுக்கும் மாதிரிகள் சிலவே. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், தோட்டத்தில் கூலிவேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு கடைக்காரரின் சொல்லைக் கேட்டுப் புதிய பற்றரி வாங்கிப் பூட்டியது. கோணும் விளக்கும் நன்றாக வேலை செய்தன. எஞ்சின் மட்டும் எழும்பவில்லை. பழுது பிளக் தொப்பிக்குள் இருந்தது.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

ஐந்தாறு தடவை உதைத்த பின்னர் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். பெற்றோல் ஈரம் இருந்தால் எரிபொருள் வருகின்றது, பொறிதான் இல்லை அல்லது பலவீனமாக இருக்கின்றது என்று கொள்ளலாம். முனை காய்ந்திருந்தால் தாங்கி, குழாய், காபரேற்றர் பக்கம் போகவேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெற்றோல் ஆவியாகி ஒயில் மட்டும் தங்கியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, வண்டியின் மாதிரிக்கு ஏற்ப 2 முதல் 5 வீதம் வரை ரூ ஸ்ரோக் ஒயில் கலந்த புதிய பெற்றோலை விடுவது அவசியம். அதைச் செய்யாமல் பொறியைத் தேடுவது வீண்.

பிளக்கின் நிறமும் பேசும். வெளிர் மண்ணிறம் நல்லது. காய்ந்த கரி மிகையான பெற்றோலைக் காட்டும். கறுத்த பசை ஒயில் கூடியதைக் காட்டும். இரு முனைகளுக்கும் இடையில் கரித்துணுக்கு ஒன்று பாலம்போல ஒட்டியிருந்தால் பொறி தாண்டாமல் அந்தப் பாலத்தின் வழியே மின் ஓடிவிடும். ரூ ஸ்ரோக் எஞ்சினில் இது அடிக்கடி நிகழும். ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றால் முதலில் இதையே சந்தேகியுங்கள்.

1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எழுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் இந்தக் கரியை நன்கு அறிவார்கள். சட்டைப்பையில் மாற்றுப் பிளக் இல்லாமல் எவரும் தூரப் பயணம் போகவில்லை. அந்த நாளில் வேறு வழி இருக்கவில்லை. இன்று அதே பழக்கத்தை மலிவு கருதித் தொடர்வது ஸ்கூட்டருக்கு நல்லதல்ல. மண்ணெண்ணெய் பிளக்கைக் கரியாக்குவதோடு எஞ்சினை அளவுக்கு மீறிச் சூடாக்கித் தட்டும் சத்தத்தையும் உண்டாக்கும். அத்துடன் 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டபோது அந்த மலிவும் பெரிதும் குறைந்தது.

பிளக்கைப் பெற்றோலில் கழுவி, பித்தளைத் தூரிகையால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். புதிய பிளக் வாங்குவதானால் பழையதைக் கையோடு கொண்டுபோய், இழையுள்ள பகுதியின் நீளம் சமமாக இருக்கின்றதா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். நீளம் கூடிய பிளக் உள்ளே இறங்கிப் பிஸ்ரனில் முட்டக்கூடும். இப்படி முட்டிப் போன எஞ்சினைத் திருத்தும் செலவு பத்துப் பிளக்கின் விலையிலும் அதிகம்.

பொறியைக் கண்ணால் பார்த்தல்

கழற்றிய பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடல் சிலிண்டர் தலையில் நன்றாகத் தொடும்படி வைத்து, ஒருவர் உதைக்க மற்றவர் பார்க்கவேண்டும். நிழலான இடத்தில் செய்யுங்கள். வெயிலில் நல்ல பொறியும் தெரியாது. பிளக் துவாரத்தின் வழியே பெற்றோல் ஆவி வெளியே சீறும் ஆதலால் பிளக்கைத் துவாரத்துக்கு நேரே வைக்காமல் தள்ளி வையுங்கள். பெற்றோல் போத்தலையும் பீடி புகைப்பவரையும் தூர அனுப்புங்கள். பிளக்கை வெறுங்கையால் பிடிக்கவேண்டாம். காய்ந்த துணி சுற்றிய குறட்டால் பிடிக்கலாம். இருதய நோய் உள்ளவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பது நல்லது.

நீல நிறத்தில் “டிக்” என்ற ஓசையோடு பாயும் பொறி நல்ல பொறி. மஞ்சளாகவோ சிவப்பாகவோ மெலிந்து தெரிந்தால் அது வெளியே தாண்டினாலும், சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்பட்ட நிலையில் தாண்டாது. “கரண்ட் வருகுது, ஆனால் ஸ்ரார்ட் வரவில்லை” என்று சொல்பவர்களில் பலர் இந்த மஞ்சள் பொறியைத்தான் பார்த்திருக்கின்றார்கள்.

பொறி அடியோடு இல்லை என்றால், வேறு பிளக் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் தொப்பியைத் திருகிக் கழற்றுங்கள். கடற்காற்றுப் படும் எமது பிரதேசங்களில் தொப்பிக்குள் இருக்கும் வயர் நுனி பச்சைக் கறள் பிடித்துப் பொடியாகிவிடும். நுனியில் கால் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய நுனியில் தொப்பியைத் திருகுங்கள். அநேக வண்டிகள் இவ்வளவிலேயே எழும்பிவிடுகின்றன. தடித்த வயரின் மேலுறை வெடித்திருக்கின்றதா என்று அறிய இரவில், விளக்கை அணைத்துவிட்டு உதைத்துப் பாருங்கள். கசியும் இடத்தில் நீலமாகப் பொறி பறப்பது தெரியும்.

நிறுத்தும் வயரின் சூழ்ச்சி

இனிச் சொல்லப்போவதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பழைய ஸ்கூட்டரை நிறுத்தும் பொத்தானோ திறப்போ பெரும்பாலும் மின்னை வெட்டுவதில்லை. பொறிக்குப் போகவேண்டிய மின்னை வண்டியின் உடலோடு இணைத்து வீணாக்கிவிடுகின்றது, அவ்வளவுதான். ஆகவே அந்தப் பொத்தானுக்குப் போகும் மெல்லிய வயர் எங்காவது உரசி, மேலுறை கிழிந்து, இரும்பில் தொட்டால் என்ன நடக்கும்? யாரும் பொத்தானை அழுத்தாமலே எஞ்சின் எந்நேரமும் நிறுத்தப்பட்ட நிலையில் இருக்கும்.

கைபிடி திரும்பும் கழுத்துப் பகுதியில் இந்த வயர் உரசுவது வழமை. கிடப்பில் இருந்த வண்டிகளில் எலி கடித்துவிடுவதும் உண்டு. மழை ஒழுகும் கொட்டிலில் சுவிச்சுக்குள் கறள் பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. எஞ்சின் அருகே வயர்கள் கூடும் சிறு பெட்டியைத் திறந்து, நிறுத்தும் பொத்தானுக்குப் போகும் வயரை மட்டும் கழற்றித் தனியே விட்டு உதைத்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் கொயிலிலும் பொயின்றிலும் குற்றமில்லை. வயரையோ சுவிச்சையோ மாற்றினால் போதும். அந்த வயரைப் பூட்டும்வரை பொத்தானால் எஞ்சினை நிறுத்த முடியாது. சோக்கை இழுத்தோ, கியரில் விட்டுப் பிறேக்கை அழுத்திக் கிளச்சை விட்டோ நிறுத்தலாம்.

பொயின்றும் நான்கு பிளேட்டும்

மேலே சொன்ன யாவும் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால், அல்லது பொறி மஞ்சளாக இருந்தால், பொயின்றைப் பார்க்கவேண்டும். பிளைவீலின் மூடியைக் கழற்றினால் அநேக வண்டிகளில் பிளைவீலில் சிறு சாளரங்கள் தெரியும். சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினால் ஒரு சாளரத்தின் வழியே பொயின்ற் திறந்து மூடுவதைக் காணலாம். பிளைவீலையே கழற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. கழற்றுவதற்கு அதற்கெனச் செய்த இழுப்பான் வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்கப் போனால் தண்டும் வளையும், காந்தமும் பலவீனப்படும்.

மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பொயின்ற் முனைகளில் மெல்லிய சாம்பல் நிறப் படலம் படியும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் அது மின்னைத் தடுக்கும். மிக நுண்ணிய எமறிக் கடதாசித் துண்டை முனைகளுக்கு இடையில் விட்டு இரண்டு மூன்று தடவை மெல்ல இழுங்கள். அதன்பின் சுத்தமான தடித்த வெள்ளைக் கடதாசியை விட்டு, கறுப்புப் படாமல் வரும்வரை இழுங்கள். இந்த இரண்டாவது வேலையை அவசரத்தில் விட்டுவிடுகின்றார்கள். எமறித் தூள் ஒரு துணுக்கு இடையில் நின்றாலும் பொறி வராது.

கடதாசி எண்ணெய்ப் பசையோடு திரும்பத் திரும்ப வந்தால், பிளைவீல் பக்கத்து ஒயில் சீல் கசிகின்றது என்று பொருள். துடைத்தால் ஒரு நாள் ஓடும், மறுநாள் நிற்கும். அது கராஜுக்குப் போகவேண்டிய வேலை.

சுத்தம் செய்தபின் இடைவெளியைச் சரிபாருங்கள். பொயின்ற் மிக அகலமாகத் திறந்து நிற்கும் இடத்தில் சக்கரத்தை நிறுத்துங்கள். இடைவெளி 0.3 முதல் 0.5 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். 0.4 வைத்தால் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. அளக்கும் தகடு இல்லையே என்று நின்றுவிடவேண்டாம். இருபுறமும் கூருள்ள முகச்சவர பிளேட் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். பழைய பிளேட் நான்கைச் சேர்த்தால் 0.4 வந்துவிடும். ஆறு சேர்த்தால் பிளக்கின் இடைவெளிக்கும் சரி. கடதாசியில் சுற்றியபடி நீளவாட்டில் இரண்டாக முறித்து, கூரான விளிம்பைக் கல்லில் உரைத்து மழுக்கி, எண்ணெய் துடைத்துப் பாவியுங்கள். வேலை முடிந்ததும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இடைவெளி கூடினால் பொறி முந்திவரும், குறைந்தால் பிந்திவரும். முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். பிந்தினால் வண்டி இழுவை இல்லாமல் சூடேறும். இடைவெளியைச் சரிசெய்ய, அசையாத முனையைப் பிடிக்கும் ஆணியைச் சற்றுத் தளர்த்தி, திருப்புளி நுனியால் நகர்த்தி, மீண்டும் இறுக்கவேண்டும். இறுக்கும்போது அது சற்று நகரும் ஆகையால் இறுக்கியபின் மறுபடி அளக்காமல் மூடியைப் பூட்டவேண்டாம். தண்டின் மேட்டில் தேய்க்கும் சிறு கம்பளித் துண்டு காய்ந்திருந்தால் ஒரேயொரு துளி ஒயில் விடுங்கள். அது காய்ந்து கிடப்பதால்தான் பொயின்றின் குதி தேய்ந்து இடைவெளி தானாகக் குறைகின்றது. ஒன்றுக்கு மேல் விட்டால் ஒயில் முனைகளில் தெறித்து, துடைத்த வேலை வீணாகும்.

சுருள்கள் பூட்டிய வட்டத் தகட்டை மட்டும் தளர்த்தவேண்டாம். முழு எஞ்சினின் நேரமும் அந்தத் தகட்டின் நிலையில் தங்கியுள்ளது. தளர்த்தியே ஆகவேண்டுமானால் முதலில் தகட்டிலும் உறையிலும் சேர்த்து ஒரு கீறு போட்டுவையுங்கள்.

சூடானால் நிற்கும் வண்டி

காலையில் நல்லாக ஸ்ரார்ட் வரும், ஐந்தாறு மைல் ஓடும், பின்னர் இருமி நின்றுவிடும். அரை மணிநேரம் நிழலில் விட்டால் மறுபடி ஓடும். சந்தையால் திரும்பி வருபவரை நடுவெயிலில் நிற்கவைக்கும் இந்தப் பழுதுதான் மிகவும் அலைக்கழிப்பது. ஏனெனில் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது வண்டி ஆறிவிடும், அங்கே அது ஒழுங்காக ஓடிக்காட்டும்.

நின்ற இடத்திலேயே செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. உடனே பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, வண்டியும் சில நிமிடத்தில் ஓடத் தொடங்கினால், மூடியில் உள்ள நுண்துளை அடைபட்டிருக்கின்றது. ஊசியால் குத்தினால் வேலை முடிந்தது. ஓசை இல்லை, பிளக் ஈரமாக இருக்கின்றது, பொறி மெலிந்திருக்கின்றது என்றால் கொண்டன்சரோ கொயிலோ சூட்டில் தளர்கின்றது. பொயின்ற் முனைகளில் ஒன்று குழிந்து மற்றது மேடு கட்டியிருந்தாலும், உதைக்கும்போது பொயின்றிலேயே பெரிய பொறி பறந்தாலும் கொண்டன்சரில் கைவைக்கலாம். அதன் விலை கொயிலின் விலையிலும் குறைவு. ஆகவே முதலில் மாற்றவேண்டியது அதுவே.

பல ஆண்டு கடையில் கிடந்த கொண்டன்சர் புதியது என்ற பெயரில் வந்து சில நாளில் போய்விடுவதும் உண்டு. இதனால் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சிலர், பிளைவீலின் சூட்டுக்குள் அதை வைக்காமல் வயர் நீட்டி வெளியே, காற்றுப் படும் இடத்தில் பூட்டிவிடுகின்றனர். அப்படிச் செய்வதில் தவறில்லை. அதன் உடல் வண்டியின் உலோகத்தில், நிறப்பூச்சு சுரண்டிய இடத்தில், இறுக்கமாகத் தொடவேண்டும் என்பதே நிபந்தனை. பழுது மீண்டும் வந்தால் அரைமணி நேரத்தில் மாற்றலாம் என்பது இதில் உள்ள இலாபம்.

பிற்காலத்து மாதிரிகளில் பொயின்ற் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மூடிய பெட்டி பொறியை நடத்தும். அங்கே உள்ளே திறந்து பார்க்க எதுவுமில்லை. பெட்டியின் உடல் வண்டியோடு தொடுகின்றதா, பிளைவீலிலிருந்து வரும் வயர்கள் சூட்டில் காய்ந்து உடைந்துள்ளனவா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் நல்ல வண்டி ஒன்றின் பெட்டியை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதைத் தவிர வீட்டில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

கராஜுக்கு எப்போது?

பொறி நீலமாக இருக்கின்றது, பெற்றோலும் புதியது, ஆனாலும் சைலன்சரில் வெடித்து, காலைத் திருப்பி அடிக்கின்றது என்றால் பிளைவீலைத் தண்டோடு பிணைக்கும் அரைவட்டச் சிறு ஆப்பு அறுந்து சக்கரம் நழுவியிருக்கலாம். அது சிறு பாகம்தான். ஆனால் பிளைவீலைக் கழற்றவேண்டும். ஒயில் சீல் மாற்றுவதும், காந்தம் பலவீனமானால் அதற்கு மீண்டும் வலுவேற்றுவதும் இதே வகை வேலைகளே.

அங்கே போகும்போது என்னென்ன பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள், வண்டி சூட்டில் நிற்கின்றதா ஆறியபோதே ஸ்ரார்ட் வரவில்லையா என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். “ஓடவில்லை, பாருங்கோ அண்ணை” என்று விட்டுவந்தால் அவர் தொடக்கத்திலிருந்து தேடுவார், அந்த நேரத்துக்கும் நீங்களே கூலி கொடுக்கவேண்டும். விலையை வேலை தொடங்குமுன் பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வீட்டில் ஒரு தகரப்பேணியில் போட்டுவையுங்கள். கறள் படிந்ததால் மட்டும் கழற்றப்பட்ட பொயின்ற் ஒன்றைத் துடைத்து வைத்தால், புதியது கிடைக்காத நாளில் அது பூட்டுவதற்கு உதவும்.